மதுவிலக்கு மன்றத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு: ஐஸ்லாந்தின் பெண் முன்னோடிகள், 1876–1922

ஐஸ்லாந்துப் பெண்களின் உரிமைப் போராட்டத்தை எழுதுவோர் பெரும்பாலும் 1885இல் தொடங்குவார்கள். ‘ஃபியால்கோனன்’ என்ற செய்தித்தாளில் பெண்களின் கல்வியையும் உரிமையையும் பற்றி ‘ஐசா’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்த ஆண்டு அது. எழுதியவர் பிரியெத் பியார்ன்ஹியெதின்ஸ்தோத்திர். வடக்குப் பண்ணை வட்டாரத்தைச் சேர்ந்தவர், வயது 28. அந்த நாட்டுப் பத்திரிகையில் ஒரு பெண் எழுதிய முதல் கட்டுரையாக அதைக் கருதுகிறார்கள்.

எனக்கு இந்தத் தொடக்கப்புள்ளியில் ஓராண்டு உடன்பாடில்லை. 1884 ஜனவரியில், அகுரெய்ரி என்ற வடக்குத் துறைமுக ஊரில் குட் டெம்ப்ளர் மதுவிலக்குச் சங்கத்தின் முதல் கிளை கூடியது. ஆணும் பெண்ணும் ஒரே தகுதியில் உறுப்பினராவது இந்தச் சங்கத்தின் உலகளாவிய விதி. கூட்டத்தில் எழுந்து பேசலாம், தீர்மானத்துக்கு வாக்களிக்கலாம், பதவிக்கு நிற்கலாம். அன்றைய ஐஸ்லாந்தில் ஒரு மணமான பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்த இடம் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. 1882இல் வந்த சட்டம் தனியே குடும்பம் நடத்திய விதவைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும் மட்டுமே உள்ளாட்சி வாக்கு தந்திருந்தது. அவர்கள் கையளவுதான்.

மேலே போகுமுன் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ‘தோத்திர்’ என்றால் மகள். பியார்ன்ஹியெதினின் மகள் பிரியெத். நம் தலைப்பெழுத்தைப் போலத் தகப்பன் பெயர்தான் உடன் வருகிறது. குடும்பப் பெயர் அல்ல. ஐஸ்லாந்துக்காரர்கள் எவரையும் முதற்பெயரால்தான் அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேனா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பண்ணை வீட்டைத்தான் காட்ட வேண்டும். குளிர்கால மாலைகளில் எல்லோரும் உறங்கும் அந்த ஒரே நீண்ட அறையில், அவரவர் கட்டிலில் உட்கார்ந்து கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள். விளக்கருகே ஒருவர் பழங்கதைகளை உரக்க வாசிப்பார். இந்த வழக்கத்துக்கு ‘குவெல்த்வாக்கா’ என்று பெயர். மாலை விழிப்பு என்று சொல்லலாம். பெண்கள் கைவேலையை விடாமல் காதால் இலக்கியம் படித்தார்கள். ஆனால் அதே அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளிவேலை முடித்து வரும் ஆண்களின் நனைந்த தோல் செருப்பையும் காலுறையையும் பணிப்பெண்கள்தான் கழற்றி, துவைத்து, உலர்த்தி, கிழிசலைத் தைத்து மறுநாள் காலைக்குத் தயாராக வைக்க வேண்டும். அவர்களும் பகலெல்லாம் அதே வைக்கோல் வயலில் வாரியவர்கள்தான். கூலியோ ஆணுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. பிரியெத்தின் எழுத்தில் இருக்கும் கோபத்துக்குத் தத்துவ நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த ஈரக் காலுறை போதும்.

இப்படிப்பட்ட பணிப்பெண்தான் யூலியானா யோன்ஸ்தோத்திர். 1876இல் அகுரெய்ரியில் தம் கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். ஐஸ்லாந்தில் ஒரு பெண் வெளியிட்ட முதல் கவிதை நூல் அது. தலைப்பு ‘ஸ்தூல்கா’. அந்தச் சொல்லுக்குச் சிறுமி என்றும் பொருள், வேலைக்காரப் பெண் என்றும் பொருள். பின்னாளில் அவர் வட அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

அதே 1876இல் கனடாவுக்குக் கப்பலேறியவர் டோர்ஃப்ஹில்டுர் ஹோல்ம். பாதிரியார் மகள், மணமான ஓராண்டில் கணவரை இழந்தவர். மானிட்டோபாவின் ஐஸ்லாந்துக் குடியேற்றங்களில் பாட்டிமார் வாயிலிருந்து நாட்டுக்கதைகளைச் சேகரித்தபடியே 1882இல் ‘பிரினியோல்ஃபுர் ஸ்வெயின்சோன் பிஸ்குப்’ என்ற நாவலை வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டு ஆயர் ஒருவரைப் பற்றிய அந்த நூலே ஐஸ்லாந்து மொழியின் முதல் வரலாற்று நாவல். 1889இல் நாடு திரும்பினார். 1891இல் ஆல்திங், அதாவது நாடாளுமன்றம், அவருக்கு எழுத்தாளர் உதவித்தொகை ஒதுக்கியது. ஒரு பெண்ணுக்குக் கவிஞர் பணமா என்று கூச்சல் எழுந்தது. தொகையைக் குறைத்து, ‘விதவை உதவி’ என்று பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். கணக்கேட்டில் ஒரு சொல்தான் மாறியது. எழுதியதற்குக் கிடைத்தது, புருஷன் செத்ததற்குக் கிடைத்ததாக ஆயிற்று. டோர்ஃப்ஹில்டுர் அசரவில்லை. ‘திராப்னிர்’, ‘த்வோல்’ என்று அடுத்தடுத்துப் பத்திரிகை நடத்தி எழுத்தாலேயே பிழைத்தார். 1918 நவம்பரில் ஸ்பானிஷ் ஃப்ளூ அவரைக் கொண்டுபோனது.

இனி அரங்குக்கு வருவோம். 1887இல் ரெய்க்யாவிக்கில் ஏரிக்கரையை ஒட்டி, நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், குட் டெம்ப்ளர்கள் ஒரு மரக் கூடம் கட்டினார்கள். ஊரார் செல்லமாக ‘குட்டோ’ என்று சுருக்கினார்கள். சில ஆயிரம் பேரே வாழ்ந்த அந்தத் தலைநகரில் பொதுக்கூட்டத்துக்குத் தோதான இடம் அரிது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று பிரியெத் அந்தக் கூடத்தில் பெண்களின் நிலை பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஐஸ்லாந்தில் ஒரு பெண் நிகழ்த்திய முதல் பொதுச் சொற்பொழிவு இது. மறு ஆண்டே நூலாக அச்சேறியது. பிற்காலத்தில் நகரசபையும் இங்கே கூடியது. 1932இல் கூலிக்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் போலீசாருடன் மோதியதும் இந்தக் கூடத்தில்தான். மது வேண்டாம் என்பதற்காக எழுப்பிய கட்டடம் ஊருக்கே பேச்சு மேடையாகிவிட்டது.

1895ஐ நான் ஒரு முடிச்சாகப் பார்க்கிறேன். ஜனவரியில், கிழக்குக் கடற்கரையின் செய்திஸ்ஃபியோர்துரில் சிக்ரிதுர் தோர்ஸ்டெயின்ஸ்தோத்திரும் மகள் இங்கிபியோர்க்கும் ‘ஃபிரம்ஸோக்ன்’ என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார்கள். சிக்ரிதுரின் கணவர் பத்திரிகையாசிரியர். அச்சகம் வீட்டோடு இருந்தது. அடுத்த மாதமே ரெய்க்யாவிக்கில் பிரியெத்தின் ‘குவென்னபிளாதித்’ வந்தது. குணத்தில் இரண்டும் வேறு. ஃபிரம்ஸோக்ன் முதல் இதழிலிருந்தே உரிமையையும் மதுவிலக்கையும் சேர்த்துப் பேசியது. பிரியெத் அடுப்படி, தையல், குழந்தை வளர்ப்பு என்று வீட்டு வாசல் வழியாக நுழைந்து, பல ஆண்டுகள் கழித்தே அரசியலை முழுக்குரலில் எழுப்பினார். விளைவு, முன்னது 1901இல் நின்றது. பின்னது 1919 வரை ஓடியது. பிரியெத்தைச் சமரசக்காரர் என்று குறை சொல்வோர் இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அதே 1895இல் அமெரிக்க மதுவிலக்குப் பிரசாரகர் ஜெஸ்ஸி அக்கர்மனின் தூண்டுதலில் ‘ஹ்வீதபாந்தித்’, அதாவது வெள்ளை நாடாச் சங்கம், ரெய்க்யாவிக்கில் உருவானது. உலகப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் ஐஸ்லாந்துக் கிளை அது. முன்னின்றவர் ஓலாஃபியா யோஹான்ஸ்தோத்திர் (1863–1924).

எழுத்து, மதுவிலக்கு, உரிமை என்ற மூன்று இழைகளும் ஓலாஃபியாவிடம் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. அவரை வளர்த்தவர் தாயின் சகோதரி தோர்பியோர்க் ஸ்வெயின்ஸ்தோத்திர், ரெய்க்யாவிக்கின் மருத்துவச்சி. நாடாளுமன்றத்தில் தன்னாட்சிக்காகக் குரல் கொடுத்த பெனெதிக்த் ஸ்வெயின்சோன் தோர்பியோர்க்கின் அண்ணன். ஊரில் பாதிக் குழந்தைகளைக் கையிலேந்தியவர் வீட்டுக்கு யார்தான் வரமாட்டார்கள்? அரசியல் பேச்சு அங்கே ஓயாது. 1894இல் ஓலாஃபியாவும் தோர்பியோர்க்கும் இன்னும் பலரும் சேர்ந்து ‘ஐஸ்லாந்துப் பெண்கள் சங்கம்’ தொடங்கினார்கள். அதன் முதல் கோரிக்கை வாக்குரிமை அல்ல, பல்கலைக்கழகம். மேற்படிப்புக்குக் கோபன்ஹேகன் போகும் வசதி ஆண்களிலேயே சிலருக்குத்தான் என்றால் பெண்கள் எங்கே போவது? மறு ஆண்டு அதே சங்கம் பெண்ணுரிமை கேட்டு 2,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் ஆல்திங்குக்கு மனு அனுப்பியது. பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே ஆறும் எரிமலைப் பாறையும் கிடக்கும் நாட்டில் அந்தத் தாள் குதிரை முதுகில்தான் போய்வந்திருக்கும்.

ஃபிரம்ஸோக்ன் தலைநகருக்கு மாறியபோது, 1899 முதல் யார்த்ரூதுர் யோன்ஸ்தோத்திருடன் சேர்ந்து அதை நடத்தியவரும் ஓலாஃபியாதான். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக வட அமெரிக்கா வரை பயணம் செய்தார். 1903இல் நார்வேயின் கிறிஸ்டியானியாவுக்கு, இன்றைய ஓஸ்லோவுக்கு, போனவர் வாழ்வின் மீதியைப் பெரும்பாலும் அங்கேயே கழித்தார். வாதர்லாந்து என்ற ஏழைக் குடியிருப்பில் பாலியல் தொழிலில் சிக்கியவர்கள், குடிநோயாளிகள், சிறை மீண்டவர்கள் நடுவே இருந்தார். அந்த அனுபவம் 1916இல் ‘தே உலிக்கெலிக்ஸ்தே’ என்ற நார்வேஜிய நூலானது. மிகவும் துர்ப்பாக்கியசாலிகள் என்று தலைப்புக்குப் பொருள். அந்தப் பெண்களைத் திருந்த வேண்டிய பாவிகளாக நிறுத்தாமல் பெயரும் முகமும் உள்ள மனிதர்களாக எழுதியதுதான் நூலின் பலம். பக்தி மணம் தூக்கலாக இருப்பதை இன்றைய வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் இதே பின்னல் நடந்தது. வடக்கு ஐஸ்லாந்தில் பிறந்து மானிட்டோபாவில் குடியேறிய மார்கிரெத் பெனெதிக்சன் 1898இல் ‘ஃப்ரேயா’ என்ற ஐஸ்லாந்து மொழிப் பெண்ணுரிமை இதழைத் தொடங்கி 1910 வரை நடத்தினார். கனடாவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் மானிட்டோபா; ஆண்டு 1916.

தாய்நாட்டில் ஓலாஃபியா விட்டுப்போன இடத்தைப் பிரியெத் நிரப்பினார். 1906இல் கோபன்ஹேகனில் கூடிய அனைத்துலக வாக்குரிமை மாநாட்டுக்குப் போய்வந்த வேகத்தில், 1907 ஜனவரி 27 அன்று தம் வீட்டிலேயே ஐஸ்லாந்துப் பெண்ணுரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ரெய்க்யாவிக்கில் மணமான பெண்களுக்கும் நகரசபை வாக்கு கிடைத்தது. 1908 ஜனவரித் தேர்தலில் 18 பட்டியல்கள் மோதின. ஆண்கள் பதினேழாகச் சிதறி நிற்க, பெண்கள் ஒரே பட்டியலில் நின்றார்கள். வீடு வீடாகப் போனார்கள். சட்டத்தை விளக்கிக் கூட்டம் போட்டார்கள். நிறுத்தியது நால்வரை, பிரியெத் உட்பட நால்வரும் வென்றார்கள். மொத்த இடங்கள் 15. கிளைக் கூட்டங்களிலும் சங்கங்களிலும் தீர்மானம், சந்தா, பட்டியல் என்று பழகிய கைகளின் வேலை இது என்று நான் வாசிக்கிறேன்.

அதே 1908 செப்டம்பரில் மதுவிலக்குக்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். கால் நூற்றாண்டாக ஊர் ஊராகப் பிரசாரம் செய்த பெண்களால் அன்று வாக்களிக்க முடியவில்லை. நாடாளுமன்ற வாக்காளர் பட்டியலைக் கொண்டே அது நடந்தது, பட்டியலில் இருந்தவர்கள் ஆண்கள். 1912 முதல் இறக்குமதிக்கும் 1915 முதல் விற்பனைக்கும் தடை வந்தது.

நாடாளுமன்ற வாக்குரிமை 1915 ஜூன் 19 அன்று கிடைத்தது. ஆனால் 40 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அதே வரம்பு ஆண் பண்ணையாட்களுக்கும். பெண்ணையும் பணியாளையும் ஒரே தராசில் நிறுத்தினார்கள். வரம்பு ஆண்டுக்கு ஒன்றாகக் குறையும் என்று ஏற்பாடு. புதிய அரசியல் சட்டம் 1920இல் அதை நீக்கியது. 1916 தேர்தலில் பிரியெத் ஒரு கட்சியின் பட்டியலில் நான்காம் இடத்தில் நின்றார். அதே கட்சிக்கு வாக்களித்தவர்களில் பலர் அவர் பெயரை மட்டும் பென்சிலால் அடித்தார்கள். கட்சி சில இடங்களை வென்றது; பிரியெத் உள்ளே போகவில்லை.

1922 ஜூலையில், பெண்களின் தனிப்பட்டியலில் நின்று, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை இங்கிபியோர்க் ஹ. பியார்னாசோன் ஆல்திங்கின் முதல் பெண் உறுப்பினரானார். சில மாதங்களுக்கு முன்புதான் அந்த மன்றம் ஸ்பெயினுக்குப் பணிந்திருந்தது. எங்கள் திராட்சை மதுவை வாங்காவிட்டால் உங்கள் உப்புக் கருவாட்டுக்கு வரியைக் கூட்டுவோம் என்று மாட்ரிட் மிரட்ட, மீன்பிடியை நம்பிய நாடு ஸ்பானிய மதுவுக்கு ஓராண்டு விலக்கு அளித்தது. இங்கிபியோர்க் இருக்கையில் அமர்ந்தது 1923இல். விலக்கு நிரந்தரமானதும் அதே ஆண்டில்தான்.