டிகிரியா, டி.டி.சி.யா?

போன வாரம் சித்தூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா. காலேஜா, டீச்சர் டிரெயினிங்கா? நீ சொல்லுடா." மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்ல!

கொஞ்சம் பழங்கதை. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு எல்லாம் அந்தப் பக்கமே நின்றன. தமிழ்வழிப் பள்ளிகளும் நின்றன. அதனால்தான் கேரள பி.எஸ்.சி.யில் தமிழ் வாத்தியார் வேலை என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வருட டி.டி.சி. (இப்போது டி.எல்.எட்.), ஹைஸ்கூலுக்கு டிகிரியும் பி.எட்.டும். கூடவே தகுதித் தேர்வு.

டிகிரிதான் பெரிசு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2018-ல் என்.சி.டி.இ.யும் பி.எட். படித்தவர்கள் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்றது. 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அதற்கென்றே படித்திருக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

"முதலில் டிரெயினிங், டிகிரியை அப்புறம் தபாலில் முடிக்கலாம்" என்றேன்.

மருமகள் போனைப் பிடுங்கினாள். "மாமா, எனக்கு சித்தூர் காலேஜில் பி.ஏ. தமிழ்தான் வேணும்."


இன்னும் முடிவாகவில்லை.