தபாலில் வந்த கல்லூரி

கல்லூரி வீடு தேடி வருவது மதுரைக்குப் புதிதன்று. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாதவர்கள் தபால்காரர் கொண்டுவந்த பாடங்களைப் படித்துப் பட்டம் பெற்றார்கள்.

2020-இல் கொள்ளைநோய் வந்தது, வகுப்பறைகளை மூடினார்கள், பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. அப்போது என் அண்ணன் மகள் ஒரு நாள் சொன்னாள்: "சித்தப்பா, கட்டுரை எழுதி அனுப்பி ஒரு மாசமாச்சு. யாராவது படிச்சாங்களான்னே தெரியலை." எனக்குச் சுருக்கென்றது.

தபாலானாலும் இணையமானாலும் பாடத்தை அனுப்புவது பாதி வேலைதான். ஐ.ஐ.டி.கள் முதலியவை 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கூடத்துக்கு நேரில் போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேர்வு கடைசி நாள் காவல். நடுவே, பிள்ளை எழுதியதைப் படித்து, தப்பைச் சுழித்துத் திருப்பியனுப்ப ஓர் ஆசிரியர் வேண்டாமா? காகிதம் போகட்டும், அந்தச் சிவப்பு மை போய்விடக் கூடாது.