ஸ்டோர் மீற்றருக்குள் இருந்த செம்புத் தகடு

போன தவணையில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் ஸ்டோரில் எலெக்ட்ரீசியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்த பொருள். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் நிறுவைக்கு விலை பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முதல் வீட்டார் எங்களிடம் தந்துவிட்டார்கள். மேலே தோல் பிடி, முகத்தில் இரண்டு பெரிய குமிழ்கள், முள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டி. அவோ மீற்றர், எட்டாம் மாதிரி. தொடரிலக்கம் 556 என்று முடிகிறது. மாதத்தையும் வருடத்தையும் அந்தக் கம்பனி அப்படித்தான் சேர்த்து எழுதும். அதாவது 1956 மே.

தரம் 11 பிள்ளைகளோடு இருந்து திறந்து பார்த்தோம். சுருள், தடையிகள், பற்றரி வைக்கும் இடம் எல்லாம் தெரிந்தவைதான். ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. விரல் நுனியளவில் கறுத்த ஒரு துண்டு, பக்கத்தில் தகட்டு நாக்குகள், அவற்றில் கம்பிகள். கொள்ளளவி என்றது ஒரு பிள்ளை. உருகி என்றது இன்னொன்று.

பெயர் தெரியாத பாகத்தை அது இருக்கும் இடத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். கம்பிகளைப் பின்தொடர்ந்தோம். இடது குமிழ் நேரோட்டத்துக்கு, வலது குமிழ் ஆடலோட்டத்துக்கு. அந்தத் துண்டு ஆடலோட்டப் பாதையில் மட்டுமே வருகிறது. ஒரு கம்பியை விடுவித்து, புதிய மீற்றரால் இரு பக்கமும் சோதித்தோம். ஒரு திசையில் மின் இலகுவாகப் போகிறது, மறு திசையில் மிகவும் தயங்குகிறது. அப்படியென்றால் இது இருவாயி. ஆனால் எங்கள் பாடப்புத்தக சிலிக்கன் இருவாயி திறக்க ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டும். இது 0.2 அளவிலேயே வழிவிடுகிறது. இடமும் வயதும் இந்த எண்ணும் சேர்ந்து ஒரே விடையைத்தான் சொல்கின்றன: செம்பு ஒட்சைட்டுச் சீராக்கி.

தெரியாத கருவியைத் திறந்து பாகம் பாகமாக அறிவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டுதான் கொழும்புத் தந்தி அலுவலகப் பொறியியலாளர்கள் ஓர் ஒலிபரப்பியைச் செய்தார்கள். 1923இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்பாயிற்று. முன்னின்றவர் எட்வர்ட் ஹார்ப்பர். இலங்கை வானொலியின் ஆரம்பம் அதுதான்.

அவோ மீற்றரும் அதே காலத்துப் பிள்ளை. அம்பியர், வோல்ற்று, ஓம் மூன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்த பிரித்தானியத் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொனால்ட் மக்காடி 1923இல் அதைக் கொண்டுவந்தார். மூன்று அலகுகளின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஆனால் அந்த முதல் மீற்றர் நேரோட்டத்தை மட்டுமே அளந்தது. செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஓடும் ஆடலோட்டத்தைச் சுருளுக்கு நேரே கொடுத்தால் முள் நின்ற இடத்திலேயே நடுங்கும், அவ்வளவுதான்.

அதைத் தீர்த்தது இந்தச் செம்புத் துண்டு. 1920களில் அமெரிக்காவில் ரயில் சிக்னல் கருவிகள் செய்யும் ஒரு கம்பனியில் குரொண்டால் என்பவரும் கைகர் என்பவரும் இதை உருவாக்கினார்கள். செம்புத் தகட்டை ஏறத்தாழ 1000 பாகைக்குச் சூடாக்கினால் மேலே சிவந்த ஒட்சைட்டுப் படை ஒன்று உண்டாகும். செம்பும் அந்தப் படையும் சந்திக்கும் இடத்தில் மின் ஒரு வழியில்தான் தாராளமாகப் போகும். கண்ணாடிக் குழாயும் வேண்டாம், சூடாக்கும் இழையும் வேண்டாம். 1930களில் மீற்றர்கள் ஆடலோட்டத்தையும் அளக்கத் தொடங்கியதற்கு இதுவே வழி.

அந்த ஒட்சைட்டு ஒரு குறைகடத்தி. திரான்சிற்றர் 1947இல்தான் வந்தது. குறைகடத்தி என்றால் பிள்ளைகளுக்குக் கைப்பேசியும் கணினியும்தான் ஞாபகம் வரும். கல்கத்தாவில் இருந்த ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாக் கல்லைக் கொண்டு செய்த அலை உணரிக்கு 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாவது சேர்த்தால் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

மலையகத்தில் இப்படியொரு மீற்றருக்கு என்ன வேலை? மின்சாரம் மலையிலிருந்துதானே இறங்கியது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் 1912இலேயே சிறிய நீர்மின் நிலையம் வந்துவிட்டது. அதன் பின்னால் நின்ற டீ.ஜே. விமலசுரேந்திர 1918இல் நீர்மின் திட்டத்தைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். பல வருடங்கள் இழுபட்டு, 1950இல்தான் லக்ஷபானவின் முதற் கட்டம் 25 மெகாவாற்றோடு இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே பல தோட்டங்கள் தங்கள் ஓடையில் சுழலி வைத்து ஸ்டோரை ஓட்டின. வாட்டும் தட்டுகளின் காற்றாடி, ரோலர், ட்ரையர் எதுவானாலும் மோட்டர் நின்றால் அன்றைய கொழுந்து வீண். அந்த நேரம் மீற்றரோடு ஓடியவர்களின் பெயரை எந்தத் தேயிலைப் புத்தகத்திலும் நாங்கள் கண்டதில்லை. துரைமார் பெயர்கள் நிறையவே கிடக்கின்றன.

திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துண்டு பழுதானால் கையில் கிடைத்த சிலிக்கன் இருவாயியை அந்த இடத்தில் பற்றவைத்துவிடாதீர்கள். குறைந்த வோல்ற்றளவில் முள் பொய் சொல்லும், ஏனென்றால் அளவுத் தட்டு செம்பு ஒட்சைட்டுக்கென்று வரையப்பட்டது. ஜேர்மானியம் இருவாயி என்றால் ஓரளவு பொருந்தும். நல்ல துண்டுக்குப் பக்கத்தில் பற்றவைப்புக் கோலைக் கனநேரம் பிடிப்பதும் கூடாது. சூடு அதற்குப் பகை.

உங்கள் வீட்டு அட்டலில், பழைய ஸ்டோரில், வாப்பா, அப்பா வைத்த பெட்டியில் இப்படி ஏதும் கிடந்தால் நிறுவைக்குப் போட முன் எங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தொடரிலக்கம் தெரிய வேண்டும். மூடியிலோ தோல் பிடியிலோ தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். பாவித்தவர் யார், எந்த ஸ்டோர், எந்த வருடம் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு கொப்பியில் பதியத் தொடங்கியிருக்கிறார்கள்.