காசு கட்டியும் பழசு

2006, 2007 வாக்கில் காரைக்காலில் எங்களுக்கு லினக்ஸ் தபாலில் வரும். உபுண்டுவின் ஷிப்-இட் திட்டத்தில் பெயரும் முகவரியும் கொடுத்தால் இலவசமாக சிடி அனுப்பிவைப்பார்கள். உறையைப் பிரிப்பதற்குள் பல வாரம் ஓடியிருக்கும். "பழசுதான்டா, ஆனா ஓசி" என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்டால் செய்வோம். அதே காலத்தில் அமெரிக்காவில் சிலர் வருடாவருடம் காசு கட்டிப் பழசை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எம்பி3.காம் தொடங்கிய மைக்கேல் ராபர்ட்சன் 2001இல் லிண்டோஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பெயரைப் பார்த்துக் கடுப்பான மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. 2004இல் லிண்டோஸ் லின்ஸ்பயர் ஆனது. விசித்திரம், வழக்குப் போட்ட மைக்ரோசாஃப்ட்தான் 2 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. எல்லாருக்கும் நினைவிருப்பது இந்தக் கதைதான். எனக்கு அவர்களுடைய கிளிக்-அண்ட்-ரன் முக்கியமாகப் படுகிறது, சுருக்கமாக சிஎன்ஆர்.

அன்றைக்கு லினக்ஸில் ஒரு புரோகிராம் போடுவதென்றால் அது கேட்கும் லைப்ரரி, அந்த லைப்ரரி கேட்கும் இன்னொரு லைப்ரரி என்று அலைய நேரும். சிஎன்ஆரில் ஒரே கிளிக். 2002இல் வால்மார்ட் விற்ற 199 டாலர் லிண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கியவருக்கு இது பெரிய விஷயம். ஆண்டுச் சந்தா சுமார் 50 டாலர். எங்களுக்கு அது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கட்டுவதற்கு கிரெடிட் கார்டு யாரிடம் இருந்தது?

சிக்கல் கிடங்குக்குள் இருந்தது. லிண்டோஸின் அடித்தளம் டெபியன். டெபியனே நிதானமான ஆள்: 2002 ஜூலையில் ஒரு நிலைப்பதிப்பு, அடுத்தது 2005 ஜூனில். அதன்மேல் லின்ஸ்பயர் தன் மாற்றங்களைச் செய்திருந்தது. ஆகவே வெளியே ஒரு புரோகிராமின் புதுப் பதிப்பு வந்தால் அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. தங்கள் லைப்ரரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பேக்கேஜ் கட்டி, சோதித்து, பிறகுதான் கிடங்கில் ஏற்ற வேண்டும். புரோகிராம்களோ ஆயிரக்கணக்கில், கட்டுபவர்களோ ஒரு சின்ன நிறுவனத்தின் ஊழியர்கள். பொறுமையிழந்த பயனர் டெபியனிலிருந்து நேரடியாகப் புதுசை இழுத்தால் லைப்ரரிகள் முட்டிக்கொள்ளும். காசு கட்டியவர் காத்திருக்க, ஓசியில் எடுத்தவர் முன்னால் போய்விடுவார்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரைக்கால்காரனுக்கு இந்தத் தாமதம் பழக்கமானதுதான். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகும் இந்தியச் சட்டங்கள் மொத்தமாக வந்து இறங்கிவிடவில்லை. 1963இல் ஒரு தொகுப்பு, 1968இல் இன்னொன்று. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இங்கே வந்தது அந்த 1968இல்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிரெஞ்சுச் சட்டத்தோடு முட்டாமல் பொருத்த வேண்டுமே! பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றிருந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு விதிவிலக்கும் எழுத வேண்டியிருந்தது. பேக்கேஜ் கட்டிய யாருக்கும் இந்த வேலை புரியும்.

2006 ஆகஸ்டில் சிஎன்ஆரின் அடிப்படைச் சேவை இலவசமானது. அடுத்த ஆண்டு உபுண்டு போன்ற பிற லினக்ஸ்களுக்கும் கிடங்கைத் திறக்கப்போவதாக அறிவித்தார்கள். என் பார்வையில் அது வேலையைப் பெருக்கிக்கொள்ளும் வழி: ஒரு அடித்தளத்துக்கே கட்டி மாளாதவர்கள் நாலைந்துக்குக் கட்ட வேண்டும். 2008 ஜூலையில் லின்ஸ்பயரை ஸாண்ட்ரோஸ் வாங்கியது. அதே மாதம் 10ஆம் தேதி ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அங்கே பேக்கேஜ் கட்டுவது ஆப் எழுதியவர் பொறுப்பு. கடைக்காரர் பரிசோதித்து அனுமதிப்பதோடு சரி.

இன்று நான் பார்க்கும் வேலை கிட்டத்தட்ட சிஎன்ஆர் வேலைதான். வாடிக்கையாளர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். வெளியே வரும் திருத்தங்களை அவர்களுடைய பழைய பதிப்புக்குப் பொருந்தும்படி தைத்துக்கொடுக்கிறோம். போன வருடம் ஊரறிந்த ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் பதினோரு நாள் எங்கள் சோதனை வரிசையில் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மெயில். "டெபியனில் போன வாரமே வந்துவிட்டது. உங்களுக்கு எதற்குப் பணம் கட்டுகிறோம்?"

'சோதனையில் உள்ளது' என்று பதில் போட்டேன். அதற்கடுத்த வருடம் அவர்கள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.