ஆலங்கட்டி: விளையாட்டும் வினையும்

சின்ன வயசுல ஒரு சித்திரை மாசம் எங்க ஒதியம்பட்டுல ஆலங்கட்டி மழை பெஞ்சுது. சொம்பு எடுத்துக்கிட்டு ஓடி ஓடிப் பொறுக்கினோம். எங்களுக்கு அது விளையாட்டு.

வடக்கே அது வினை. 1888 ஏப்ரல் 30, இன்றைய உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் பக்கம் ஆலங்கட்டி விழுந்து 246 பேர் செத்தாங்க. கிரிக்கெட் பந்து அளவுக்குக் கட்டிகள். உலக வானிலை அமைப்பின் கணக்குல ஆலங்கட்டிக்கு அதிகம் பேர் பலியானது இன்னைக்கும் அதுதான். 1986 ஏப்ரல் 14, வங்கதேசத்து கோபால்கஞ்சுல விழுந்த ஒரு கட்டி 1.02 கிலோ. ரெண்டுமே சித்திரைதான்.

காரணம் இருக்கு. சித்திரை வெயில்ல சூடான காத்து இடிமேகத்துக்குள்ள விறுவிறுன்னு மேலே ஏறும். அங்கே துளிகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணியாவே இருக்கும். பனித்துணுக்கு மேல பட்டதும் ஒட்டி உறையும். காத்து தாங்குற வரைக்கும் கட்டி பெருக்கும், தாங்கலைன்னா விழும். நம்ம பக்கம் உறையுற உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதனால சின்னக் கட்டிகள் வர்ற வழியிலயே கரைஞ்சிடும்.

மொராதாபாத்துல செத்தவங்க வெட்டவெளியில ஒதுங்க இடமில்லாம சிக்கினவங்க. அதைப் படிச்சதிலிருந்து, மேகம் கறுத்தா களை எடுக்கிறவங்களை மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பிடுறேன். வேலை பாதியில நின்னா நிக்கட்டும்.