சானடோரியமும் நம் வீடுகளும்



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் வரும் நிலையம் 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் காதில் விழும் பெயர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மெப்ஸ் கம்பெனிகள் இருக்கிற இடம் என்பார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள அஞ்சிய காசநோயாளிகளை அனுப்பி வைத்த இடம் என்று சொல்லும் பிள்ளை அபூர்வம்.

1928இல் இதை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. புனித சவேரியாரை நினைத்து நம் வீடுகளில் வைக்கும் அதே பெயர்தான். ஆங்கில ஆவணங்களில் 'சௌரி முத்து' என்று இருக்கும். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுஜன் அந்நாட்டில் நோயுற்றபோது சில காலம் இவருடைய மருத்துவமனையில் இருந்தார். அந்த அனுபவத்தோடு ஊர் திரும்பி, பச்சைமலைப் பக்கம் 250 ஏக்கர் நிலத்தில் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

அப்போது காசநோய்க்கு மருந்தே இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவ்வளவுதான் சிகிச்சை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வீட்டை விட்டு இருக்க வேண்டும். பால்குடிக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அனுப்பிய குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இருந்த அறிவுக்கு, மற்றப் பிள்ளைகளைக் காப்பதற்கு அது ஒன்றுதான் வழி. மனம் உடைந்துதான் அனுப்பினார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால் நோயாளிகள் பல இலட்சம், படுக்கைகளோ சில ஆயிரம். மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா? வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் கதி என்ன? உலகமே கேட்டுக்கொண்டிருந்த இந்தக் கேள்விக்கு விடை நம் சென்னையிலிருந்துதான் போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குருமடத்தில் இதை எங்களுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருக்கலாம்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. இந்திய அரசு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்திய மையம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சென்னையின் ஏழை மக்களிடையே நோய் கண்டவர்களை, குலுக்கல் போடுவது போல, இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஓராண்டு மருத்துவமனைக்குப் போயிற்று. மறு பிரிவு தன் வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்துதான். மருத்துவமனையில் நல்ல சாப்பாடும் ஓய்வும் உண்டு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான குடியிருப்பு, குறைவான உணவு, வேலைக்கும் போயாக வேண்டும். எந்தப் பக்கம் வெல்லும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நாம் எல்லோரும் மருத்துவமனைப் பக்கமே கட்டியிருப்போம்.

1959இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்த உறவினர்களைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தார்கள். நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிய வீட்டாரைவிட இவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் ஆளை வெளியேற்றுவதால் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் இல்லை. சென்னையின் ஓர் அறைக் குடித்தனங்கள் காட்டிய இந்த உண்மையால் உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

நற்செய்தியில் தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவரை அணுகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வார்த்தையாலேயே குணமாக்க வல்லவர் கையை நீட்டித் தொடுகிறார். பாளையத்துக்கு வெளியே வாழ்ந்த அந்த மனிதனைக் கடைசியாக ஒருவர் தொட்டு எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்? உடம்பு குணமாவதும் வீட்டுக்குத் திரும்புவதும் ஆண்டவருக்கு இரண்டு வேலைகள் அல்ல. குணமானபின் குருவிடம் போய்க் காட்டச் சொன்னதும், ஊரார் அவரை மறுபடி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

இருந்தும் நாம் கற்றுக்கொண்டோமா? 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் கதவு மூடப்பட்டவர்கள் ஆந்திராவிலிருந்தெல்லாம் இங்கே வந்தார்கள். சேர்த்துவிட்டுத் திரும்பி வராத உறவினர்கள் உண்டு. கூடவே இருந்து துடைத்து, ஊட்டி, கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்ட தாய்மாரும் மனைவியரும் உண்டு. அந்த மனைவியரில் பலர் தாமும் அதே நோயைச் சுமந்தவர்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்த சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மருந்து வந்தபின் மரணம் குறைந்தது. வாடகை வீட்டுக்காரரின் பயம் அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை.

இன்றும் நம் அன்பியங்களில் இது நடக்கிறது. மருமகளுக்குக் காசநோய் என்று தெரிந்தால் 'உடம்பு தேறட்டும்' என்று தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். மகனுக்கு வந்தால் அப்படி அனுப்புவதில்லை. பெண்ணுக்கு வரன் தேடும் வீடாக இருந்தால் நோயையே மறைக்கிறோம். மறைப்பதால் மருந்து தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில்தான் வீட்டுக் குழந்தைகளுக்குத் தொற்றுகிறது. யாரைக் காப்பாற்ற மறைத்தோமோ அவர்களையே அது போய்ச் சேர்கிறது.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அன்பியப் பொறுப்பாளர்கள் செபமாலைக்குப் போகும் வீட்டில் மாத்திரை போட்டாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். தொடக்க வாரங்களில் முகக்கவசம், திறந்த ஜன்னல், இவை போதும். காசநோய் காற்றில் பரவும், தட்டிலும் டம்ளரிலும் பரவாது. சமையலறையில் தனியாக எடுத்து வைத்த அந்தத் தட்டை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவலாம்.