சிவப்பைத் தேடும் கண்: கருந்தோலில் வரித்தழும்பின் வயதைக் கணித்தல் குறித்து

கருந்தோலில் விழும் வரித்தழும்பு (ஸ்ட்ரெச் மார்க்) களிம்புக்கு மசியாது என்ற கருத்து தோல் மருத்துவ எழுத்தில் ஒரு சாராரிடம் கேள்வியின்றி வழங்கிவருகிறது. இக்கருத்து ஒரு சோதனையைப் பிழையாக வாசித்ததன் விளைவு என்று கருதுகிறேன்.

அச்சோதனை 1996இல் மிச்சிகனில் காங் குழுவினர் வெளியிட்டது. புதிதாகத் தோன்றிய தழும்புகளுடன் 22 பேர். அவர்களில் 10 பேருக்கு 0.1 விழுக்காடு ட்ரெட்டினாய்ன் களிம்பு. 12 பேருக்கு மருந்தில்லா வெறும் களிம்பு. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 8 பேருக்குத் தெளிவான முன்னேற்றம்; மற்ற பிரிவில் ஒருவருக்கு மட்டுமே. மருந்து பெற்றவர்களின் தழும்பு நீளம் சராசரியாக 14 விழுக்காடும் அகலம் 8 விழுக்காடும் குறைந்தன. சிறிய சோதனைதான், ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்டது. பின்வந்தோர் இதிலிருந்து வகுத்துக்கொண்ட விதி, தழும்பு சிவந்திருக்கும்போதே தொடங்க வேண்டும், வெளுத்தபின் பயன் குறைவு என்பது.

பங்கேற்ற 22 பேரும் வெள்ளையர் என்பதை அந்த விதியை ஓதுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. வெண்தோலில் சிவப்பாகத் தெரிவது அடியிலுள்ள இரத்தக் குழாய்களின் விரிவும் அழற்சியும்தான். மாநிறத்திலும் கருநிறத்திலும் அதே அழற்சி நடக்கும். மேலே மெலனின் இருப்பதால் கண்ணுக்குக் கருநீலமாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். சிவப்பைத் தேடும் மருத்துவர் அதைக் காணாமல் ‘முதிர்ந்துவிட்டது’ என்று எழுதிவிடுகிறார். காலம் கடந்தபின் மருந்து தொடங்கினால் அது தோற்கத்தான் செய்யும். பழி மட்டும் தோலின் மேல் விழுகிறது. ஆகவே கருந்தோலில் தழும்பின் வயதை விரலால் தடவியும் கேட்டும் அறிய வேண்டும். சற்றே மேடாக இருக்கிறதா, அரிக்கிறதா, எந்த மாதம் முதலில் கண்ணில் பட்டது என்ற மூன்று கேள்விகள் நிறத்தைவிட நம்பத்தக்கவை எனத் தோன்றுகிறது. ஃபிட்ஸ்பாட்ரிக்கின் தோல் வகைப்பாடும் இங்கே உதவாது. 1975இல் அது பிறந்ததே சொரியாசிஸ் ஒளிச் சிகிச்சையில் வெள்ளையருக்கு அளவு குறிக்கத்தான்; பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. வெயிலில் எரிவதையும் கறுப்பதையும் கேட்கும் அளவுகோல் தழும்பின் வயதைச் சொல்லாது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது ஏட்டளவிலான சர்ச்சை இல்லை. தறிக்கூடத்தின் புழுக்கத்திலும் லாரி இருக்கையிலும் நாள் முழுதும் வியர்க்கும் உடலில் தொடை இடுக்குப் படர்தாமரை வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்கு மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் டியூப்களில் பல, குளோபீட்டசால் போன்ற வலிய ஸ்டீராய்டைப் பூஞ்சை மருந்தோடு கலந்தவை. அரிப்பு சட்டென அடங்கும், பூஞ்சை பரவும், மடிப்பில் மருந்து கூடுதலாக ஊறி கொலாஜன் நலிந்து அகலமான தழும்பு விழும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்க முடியாதபடி 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 மருந்துகளை அட்டவணை எச்-இல் கொண்டுவந்தும் இந்த விற்பனை நிற்கவில்லை. பிரசவத் தழும்பைப் பற்றியே பேசும் அழகியல் ஆய்வுகள் தறியிலும் லாரியிலும் உழைக்கும் இந்த ஆண்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. காங் சோதனையின் முடிவு ஸ்டீராய்டுத் தழும்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; அங்கே முதல் மருந்து, டியூப்பை நிறுத்துவது.

ட்ரெட்டினாய்ன் எரிச்சல் தந்து தோலைக் கறுக்கச் செய்யும் என்ற மறுப்பு எழும். 0.025 விழுக்காட்டில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் தொடங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்; கர்ப்பிணிகளுக்கு மட்டும் தரவே கூடாது. லேசர் இருக்கையில் களிம்பு எதற்கு என்பாரும் உண்டு. சிவந்த தழும்புக்கென்ற 585 நானோமீட்டர் லேசரின் ஒளியை மெலனினும் உறிஞ்சும். நம் தோலில் அது தீக்காயத்துக்கும் கருமைக்கும் வழி. இதற்கு மேல் அந்த வாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் தோல் பிரிவுச் சீட்டில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும்: தழும்பு தோன்றிய மாதம், அதற்கு முன் பூசிய களிம்பின் பெயர். நிறத்தை அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம்.